கடவுள் வாக்கும் கடல் மட்டமும்

2009-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்க சட்டசபைக் கமிட்டி ஒன்றில், பூமி சூடேறுவதைப் பற்றிய விசாரணையின்போது ஜான் ஷிம்கஸ் என்கின்ற அங்கத்தினர் பைபிளிலிருந்து நோவா கதையை வாசித்தார். வெள்ளத்தால் உலகத்தை இனி அழிப்பதில்லையென்று கடவுள் வாக்குக் கொடுத்துவிட்டாராம்; ஆகவே பயமில்லையாம். மேல்நாட்டான் வாயில் வருவதெல்லாம் அறிவு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். நமது பிரளய புராணக்காரர்களுக்கு இவர் எந்த விதத்தில் இளைத்தவர்?

நிற்க. வாக்கு கிடக்கட்டும், அளவுகோல் என்ன சொல்லுகின்றது? 1901 முதல் 2018 வரை சமுத்திர மட்டம் சுமார் 20 செண்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்திருக்கின்றது. வரவர வேகமும் கூடுகின்றது.

இதன் காரணத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் கரைந்த பின்னும் தண்ணீர் வழியாது. (டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதை வழிந்ததாக எண்ணிவிடக் கூடாது.) ஏனெனில், மிதக்கும் கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை முன்னமேயே ஒதுக்கிவிட்டது. ஆதலால் வடதுருவக் கடலில் மிதக்கும் பனி கரைவதால் மாத்திரம் கடல் மட்டம் ஏறிவிடாது. ஆனால், அதே நிறைந்த டம்ளருக்கு மேலே ஒரு புனலில் ஐஸை வைத்துப் பாருங்கள். சொட்டுகின்ற தண்ணீர் வழிந்தே தீரும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனி இந்தப் புனல் ஐஸ் போன்றது. முழுவதும் உருகினால் கிரீன்லாந்துப் பனி கடலைச் சுமார் 7 மீட்டரும், அண்டார்டிகாப் பனி சுமார் 58 மீட்டரும் உயர்த்தும். நாளைக்கே இது நடக்குமென்று மிரட்டுகிறவனும் ஜோசியக்காரனே. முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள் செல்லும். இதன்றி, சூடேறிய கடல்நீர் தானே விரிந்தும் உயர்கின்றது.

சூடேற்றியது யார்? நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையிலுள்ள கரியமில வாயுதான். இவ்வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்பதை ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

இவ்வாயுவை இதுவரை மொத்தத்தில் அதிகமாக வெளியேற்றிய தேசம் அமெரிக்கா. தண்டம் கட்டுகிறவர்களோ பசிபிக் சமுத்திரத்துத் துவாலு தீவு மக்கள். மொத்தம் சுமார் 11,000 பேர். நிலத்தில் பெரும்பகுதி கடலுக்குச் சில அடிகளே உயரம். விருந்துண்பவன் ஒருவன், எச்சில் இலை எடுப்பவன் வேறொருவன் என்னும் முறை நமக்கொன்றும் புதிதல்லவே! வானவில் வாக்கை நம்பிக் கவலையற்றிருந்தவர்கள் அத்தீவிலும் உண்டு. ஆனாலும், 2023-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி வருஷத்திற்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற அவர்களுக்கு வழி ஏற்பட்டிருக்கின்றது. தலைநகரான புனாபுட்டியில் மணலைக் கொட்டிக் கரையோரத்தில் மேட்டு நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். வாக்கு மெய்யானால், அந்த மணல் எதற்கென்று ஷிம்கஸைக் கேட்கின்றோம்.