விடியற்காலை வெயில் போதுமா?

திருத்தணியில் பொழுது விடிவதற்குள் 365 படிகளையும் ஏறிவிடும் தாத்தா, பாட்டிகளைப் பார்த்தால் நமக்குத்தான் மூச்சு வாங்கும்! மூட்டுக்கும் மனசுக்கும் நல்ல நடைதான். ஆனால், வைட்டமின் டி-க்கு அந்த வெயில் போதாது. தோலில் அதை உருவாக்கும் புற ஊதா 'பி' கதிர்கள் 11 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் அதிகம். அதற்காகக் கத்திரி வெயிலில் நிற்க வைத்துவிடாதீர்கள். திருத்தணி வெயில் தெரியுமல்லவா? மற்ற மாதங்களில் கை, கால்களில் கொஞ்ச நேரம் பட்டால் போதும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது கணக்கில் சேராது.

வயதான தோலில் உற்பத்தியும் குறைவு. தரையிலிருந்து எழ, படி ஏறத் தொடை தளர்கிறதா? 'வயசாச்சு' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதித் தரும் 60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். தெரியாமல் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கும். இன்றே பாட்டியின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.