கடிதம் வந்த பிறகு கேட்கும் கேள்விகள்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பின்னேரம், எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தார். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருந்தது. பதிவு செய்ய மூன்று நாள்தான் மிச்சம்.

"டீச்சர், புள்ளய அனுப்பலாமா? ரேக்கிங் பண்ணுவாங்களாமே? மாசம் எவ்வளவு முடியும்? இங்கிலீஷ் தெரியாம படிக்க ஏலுமா?"

மகள் வாசலிலேயே நின்றாள். அம்மா பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், லயத்துப் புள்ளனு தெரிஞ்சா ரூம்ல ஒண்ணா இருப்பாங்களா?"

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. ஆனால் கடிதம் வந்து, மூன்று நாள் மிச்சமிருக்கும்போதா இவற்றைக் கேட்பது? சாதாரண தரம் படிக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் தோட்டத்தில் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? இது சங்கத்தின் வேலை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையையே சொல்கிறேன். உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக விண்ணப்பம் போடத் தகுதியும் பெற்றேன். விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டை மட்டும் குறித்து அனுப்பினேன். நிறையக் குறித்தால் பேராசை என்று நினைப்பார்களோ என்றுகூட எனக்கு ஒரு பயம். அந்த இரண்டுக்கும் என் புள்ளி போதவில்லை. நான் குறிக்காத வேறொன்றுக்கு அதே புள்ளி தாராளமாகப் போதுமாக இருந்தது என்பது வெட்டுப்புள்ளி வெளிவந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு உதவி ஆசிரியராகச் சேர்ந்து, வெளிவாரியாகப் பட்டம் முடித்தேன். கைநூலைத் திறந்து காட்ட ஓர் ஆள் இல்லாததால் ஓர் இடம் போயிற்று.

ஆகவே முதல் பதில் இதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் மாணவர் கைநூல் வெளியிடுகிறது. தமிழிலும் உண்டு. எந்தப் பாடம் எடுத்தால் எந்தக் கற்கைநெறிக்குப் போகலாம் என்பது அதில் இருக்கிறது. அதை உயர்தரம் எழுதிய பிறகு வாசித்துப் பயனில்லை, பாடம் தெரிவு செய்வதற்கு முன் வாசிக்க வேண்டும். விருப்ப வரிசையை நீளமாகக் குறியுங்கள். உண்மையில் அதிகம் விரும்புவதை மேலே போடுங்கள்.

அடுத்தது பணம். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குப் பாடக் கட்டணம் இல்லை. சாப்பாடு, போக்குவரத்து, போட்டோகொப்பி, இப்போது கணினி, இவைதான் செலவு. புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து மகாபொல புலமைப்பரிசில் தருகிறார்கள். 1981இல் தொடங்கிய திட்டம் அது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டினார்கள். அது கிடைக்காதவர்களுக்கு நிதியுதவி என்று இன்னொன்று உண்டு. ஆனால் எதுவும் முதல் மாதமே கைக்கு வராது. அந்த முதல் சில மாதங்களில்தான் எங்கள் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அம்மாவின் நாட்சம்பளத்தில் பெயர் விழாத நாளையும் கழித்துப் பார்த்தால், அந்த மாதங்களைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொழியைப் பற்றி. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பேராதனைக் கலைப்பீடத்தில் பல பாடங்களைத் தமிழில் படிக்கலாம். தொடக்கத்தில் ஆங்கில வகுப்பும் நடக்கிறது. முதல் வருடம் திணறுவார்கள், உண்மைதான். ஆனால் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் அதே மாதிரித்தான் திணறுகிறார்கள். அது லயத்துப் பிள்ளையின் குறை அல்ல. நூலகத்தில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் கேட்டுப் படித்தவர்கள் தேறியிருக்கிறார்கள்.

பகிடிவதை பொய்ப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறுவருடம் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரையும், பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டம் வந்தும் பகிடிவதை ஒழியவில்லை. ஆனால் பயத்தில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால், அடிக்கிறவர்கள் கேட்காமலே வென்றுவிடுகிறார்கள். பிள்ளை தனியாள் இல்லை, பின்னால் சங்கம் இருக்கிறது என்று தெரிந்தால் முறைப்பாடு செய்யத் துணிவு வரும். அந்தத் துணிவைக் கொடுப்பது எங்கள் கடமை.

இனி, பிள்ளையும் பெற்றோரும் எவ்வளவு முயன்றாலும் தீராத ஒன்று. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமைப்படி போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மிகுதி 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. மாத்தளை இல்லை. கண்டியும் கேகாலையும் இல்லை.

இதன் பொருள் என்ன? றத்தோட்டை மலையில் லயத்தில் இருக்கும் பிள்ளை, மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளியில் போட்டியிட வேண்டும். நுவரெலியாவில் அதே மாதிரி லயத்தில், அதே மாதிரிக் குறைகளோடு படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு கைதூக்கல் இவளுக்கு இல்லை. வறுமைக்கு மாவட்ட எல்லை தெரியாது.

இது சலுகை கேட்பது, தரம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு இரசாயனவியலுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் ரியூசனும் இருந்தன. இன்னொரு பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் பாதி நாள் ஆசிரியரே இல்லை. இருவரும் ஒரே வினாத்தாளை எழுதினால் அந்தப் புள்ளி திறமையை மட்டுமா காட்டுகிறது? 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அந்த இடைவெளிக்கு எங்கள் தாத்தா பாட்டிமார் விலை கொடுத்தார்கள். இன்றைய பிள்ளை அதன் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டட்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளையே அழைத்து வந்து பேசவிடுவோம். பிள்ளைகள் என்னைவிட அவர்களிடம்தான் மனம் திறந்து கேட்பார்கள்.

இரண்டு, சந்தாப் பணத்திலிருந்து ஒரு சிறு கைமாற்று நிதி. புலமைப்பரிசில் வரும்வரை முதல் மாதங்களுக்குக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று, பின்தங்கிய நிலையை மாவட்டத்தால் மட்டும் அளக்காமல், பாடசாலையாலும் அளக்க வேண்டும் என்ற கோரிக்கை. நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாக வருவதற்கு எத்தனை வருடம் வாதாடினோம்! அதே மேசையில் இதையும் வைப்போம்.

அந்த அக்காவின் மகள் பதிவு செய்துவிட்டாள். செலவுக்கு லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து கொடுத்தார்கள். அறையில் அவளோடு இருப்பவர்களில் ஒருத்தி வெலிமடைக்காரி, இன்னொருத்தி மன்னார். வீட்டிலிருந்து சம்பல் கட்டிக்கொண்டு போனால் ஒரே நாளில் முடிந்துவிடுகிறதாம்.

போன வாரம் அக்கா மறுபடி வந்தார். இளையவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. "டீச்சர், இவளுக்கு என்ன பாடம் எடுத்தா நல்லம்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கிறார். இந்தத் தடவை அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசினோம்.