சந்தா நோட்டு

இதழ் தொடங்கிய காலத்தில் சந்தாதாரர் முகவரிகள் ஒரு நீள நோட்டில் இருந்தன. ஊர் மாறியவர் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு, இறந்தவருக்கு ஒரு சிறு பெருக்கல் குறி, சந்தா பாக்கி வைத்தவருக்குப் பென்சிலில் ஒரு புள்ளி. புள்ளிகள்தான் அதிகம். நோட்டு பீரோவில் இருந்தது, பீரோ சாவி எங்களிடம் இருந்தது.

பிறகு அது எக்செல் ஆகி, ஒரு பெரிய நிறுவனத்தின் இலவச கிளவுடில் ஏறியது. சென்ற ஆண்டு, இதழ் அச்சுக்குப் போகவேண்டிய வாரத்தில், அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டது. ‘சந்தேகத்திற்குரிய செயல்பாடு’ என்றது திரை. என்ன செயல்பாடு என்று சொல்லவில்லை. படிவம் நிரப்பினோம், இயந்திரம் பதில் போட்டது. மறுபடி நிரப்பினோம், காற்புள்ளிகூட மாறாமல் அதே பதில். பதினோராம் நாள் பூட்டு தானாகவே திறந்துகொண்டது. ஏன் என்று அதற்கும் காரணம் இல்லை. அந்த இதழைப் பழைய நோட்டைத் தேடி எடுத்துத்தான் அஞ்சல் செய்தோம். நோட்டை மூடிய பிறகு காலமான மூன்று நண்பர்களுக்கும் இதழ் போய்ச் சேர்ந்தது.

சிற்றிதழின் துயரம் சில்லறைத் துயரம்தான். ஆனால் குஜராத் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கும் இதுவே நடந்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பெரும் பங்குதாரர். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலைமீது தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா காசு கட்டி வாங்கிய சேவைகள் அவை. மைக்ரோசாஃப்ட் அமெரிக்க நிறுவனம், தடை ஐரோப்பாவினுடையது, முடங்கியதோ இந்தியாவில் ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல். நயாரா தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன சில நாட்களில் சேவை திரும்பியது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது.

உடனே நம்மவர்கள் கண்டுபிடித்த தீர்வு சுதேசி. உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 அக்டோபரில் தம் மின்னஞ்சலை சோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். சென்னையில் தொடங்கி தென்காசி மத்தளம்பாறை வரை வேலை கொண்டுபோன நிறுவனம் அது, நமக்கும் பெருமைதான். ஆனாலும் வீட்டுக்காரர் நம்மூர்க்காரர் என்பதால் வாடகை வீடு சொந்த வீடு ஆகிவிடாது. அதன் நிரலும் மூடியதுதான். நாளை அதன் முதலாளியோ கொள்கையோ மாறினால் நாம் மீண்டும் படிவம் நிரப்ப வேண்டியதுதான்.

நிரலைத் திறந்தே வைக்கும் கட்டற்ற மென்பொருளின் சங்கதி வேறு. எழுதியவருடன் ஒத்துப்போகாவிட்டால் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகலாம். 2010இல் ஓபன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரே ஆபீஸ் அப்படித்தான் பிரிந்தது. ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் சுமார் 30,000 அரசுக் கணினிகளை அந்த லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. அதே நாட்டின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டு பாடுபட்டு மாறி முடித்து, 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானம் போட்டது. இந்த இரண்டாவது கதையை மறைத்துவிட்டுப் பேசும் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள்மேல் எனக்குச் சற்று வருத்தம் உண்டு. வழி கரடுமுரடு என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வழியும் அப்படித்தான் இருந்தது. அலுவலகத்தில் (அதாவது என் வீட்டு முன்னறையில்) சும்மா கிடந்த பழைய கணினியில் டெபியன் லினக்ஸும், கிளவுடை நம் கணினியிலேயே நடத்தும் நெக்ஸ்ட்கிளவுடும் நிறுவினோம். நிறுவிக் கொடுத்த கல்லூரி மாணவர் இரண்டு காபியோடு வேலையை முடித்துவிட்டார். அதன் பிறகுதான் சிக்கல். வீட்டு இணைய இணைப்பில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஐபி முகவரி, வெளியூர் நண்பர் எங்கள் கணினியைத் தட்டினால் தெருவோடு நின்றுவிடுவார். தனி முகவரிக்கு மாதாமாதம் தனிக் காசு. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சாகும் என்பதால் பேக்கப்புக்கு இன்னொன்று, அது வேறொருவர் வீட்டில்.

மின்னஞ்சலைச் சொந்தமாக நடத்தத் துணியவில்லை. சின்ன சர்வரிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேமில் தள்ளுவது சாதாரணம், அந்தப் போரில் இறங்க ஆளில்லை. டொமைன் பெயரை மட்டும் எங்கள் பெயரில் பதிவு செய்து, அஞ்சல்பெட்டியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றுவதுபோல, நாளை பெட்டியை மாற்றினாலும் முகவரி மாறாது. வாட்ஸப்பையும் விடவில்லை. வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள்.

உண்மையில் எங்களைக் கொன்ற பூட்டு அந்தக் கிளவுடு பூட்டைவிடப் பழையது. முதல் இருபது இதழ்களைப் பேஜ்மேக்கரில், அப்போது கிடைத்த ஏதோ எழுத்துருவில் கோத்தோம். கோப்புகள் குறுந்தகட்டில் பத்திரமாக இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் உச்சரிப்புக் குறியுமாகக் கொட்டுகிறது. அந்த எழுத்துரு எங்களிடம் இல்லை, செய்து தந்த கடையும் இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் யூனிகோடு தமிழில் பரவுவதற்கு முந்திய காலத்ததுதான். ஆனால் அதன் தன்னார்வலர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டில் நூல்களை வைத்திருந்ததால், பின்னால் யூனிகோடுக்குக் கொண்டுவர முடிந்தது. 2005இல் தொடங்கிய ஈழத்தவர்களின் மின்னூலகமான நூலகம் திட்டமும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மீடியாவிக்கியில் தளம் அமைத்தது. எங்கள் புத்தி அப்போது அட்டைப் பட ஓவியத்தில் இருந்தது.

இனி இதழின் மூலப் பிரதி யூனிகோடில், யாரும் திறக்கக்கூடிய கோப்பாக இருக்கும். படைப்பாளிகளும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பவேண்டாம். சந்தா பட்டியல் மாதம் ஒருமுறை அச்செடுத்து அதே பீரோவில் வைக்கப்படும்.

முதல் இருபது இதழ்களில் பதினெட்டை அச்சுப் பிரதியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். 7, 12 இரண்டும் எங்களிடமே இல்லை. உங்கள் பரணில் இருந்தால் அனுப்பிவையுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். தபால் செலவு எங்களுடையது.