கரண்ட் வைத்தால் மட்டும் கை வந்துவிடுமா?

"அண்ணாச்சி, பத்து நாள் கரண்டு வச்சாச்சு. கையை இன்னும் தூக்க முடியலியே... இன்னொரு பத்து நாள் வச்சா சரியாயிருமா?"

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஏதாவது ஒரு பிசியோதெரபி நிலையத்தின் வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. பக்கவாதம் வந்தவர், மூட்டு ஆபரேஷன் முடிந்தவர், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து தொடை மெலிந்தவர்... எல்லார் வீட்டிலும் சிகிச்சைக்கு ஒரே பெயர்தான்: 'கரண்ட் வைக்கிறது!' பயிற்சி செய்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. "தினமும் போயி கரண்டு வச்சிட்டு வாராவ" என்றுதான் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் வைப்பது ஏமாற்று வேலை இல்லை. அதற்கு நல்ல ஆராய்ச்சி பின்பலம் இருக்கிறது. ஆனால் அது பக்கவாத்தியம்தான். கச்சேரியே அது இல்லை. பக்கவாத்தியத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, பாடகர் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

பம்ப் செட் கணக்கு

தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு மோட்டார், ஒயர், ஸ்டார்ட்டர் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் உடம்பிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைதான் ஸ்டார்ட்டர். நரம்பு, ஒயர். தசை, மோட்டார்.

பக்கவாதத்தில் பழுதாவது ஸ்டார்ட்டர். ஒயரும் மோட்டாரும் அநேகமாக நன்றாகவே இருக்கும். அதனால் தோலின் மேல் பட்டை ஒட்டி, வெளியிலிருந்து லேசாக மின்சாரம் கொடுத்தால் நரம்பு தூண்டப்பட்டு, தசை சுருங்குகிறது. கை விரல் நிமிர்கிறது. பாதம் மேலே தூக்குகிறது.

இது நேற்று வந்த வித்தை இல்லை. தவளைக் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதைப் பற்றி இத்தாலியின் கால்வானி 1791-ல் எழுதினார். பிரான்சில் டுஷேன் என்ற டாக்டர் 1855-ல் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுப்பதைப் பற்றிப் புத்தகமே போட்டார். நம் ஊர் பிசியோதெரபிஸ்ட்கள் இன்றும் சொல்லும் 'கால்வானிக்', 'பாரடிக்' என்பவை கால்வானி, பாரடே பெயர்களால் வந்தவைதான். 1961-ல் அமெரிக்காவில் லிபர்சன் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவரின் செருப்புக் குதிகாலில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தரையை விட்டு எழும்போதெல்லாம் கரண்ட் பாய்ந்து பாதத்தைத் தூக்கிவிடும். தடுக்கி விழாமல் நடக்கலாம்! தொங்கு பாதத்துக்கு இந்த முறை நடையை மேம்படுத்துகிறது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-ல் ஏற்றுக்கொண்டது.

சரி, ஒயரே அறுந்துபோனால்? விபத்தில் நரம்பு வெட்டுப்பட்டாலோ, தொழுநோயால் நரம்பு கெட்டாலோ கதை வேறு. நீண்ட துடிப்பாகக் கரண்ட் கொடுத்து அந்தத் தசையை நேரடியாகச் சுருங்க வைக்கலாம். ஆனால் அதனால் இழந்த அசைவு தானாகத் திரும்பிவிடாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கும் தொங்கிய பாதத்துக்கும் நல்ல தசையின் நாணை எடுத்து இடம் மாற்றித் தைத்தாரே, அது இதனால்தான். மெஷின் செய்ய முடியாததைக் கத்தி செய்தது.

ஒரு பக்கம் வாய் கோணிப்போகும் முகவாதத்துக்கும் நம் ஊரில் கரண்ட் வைப்பது வழக்கம். அதுவரை நடந்த ஆய்வுகளை 2011-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, மின்தூண்டலால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது. முகவாதம் வந்த பெரும்பாலோருக்கு சில வாரம், சில மாதத்தில் தானாகவே சரியாகும். பெயர் மட்டும் கரண்டுக்குப் போய்விடுகிறது!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் வழக்கமான பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளிலேயே தொடைத் தசைக்கு மின்தூண்டல் ஆரம்பித்து ஆறு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தொடை பலமும், நடையும், படி ஏறுவதும் சீக்கிரம் தேறின. கவனியுங்கள்: பயிற்சிக்குப் 'பதிலாக' இல்லை, பயிற்சி'யோடு'!

நுரையீரல் அடைப்பு நோய், இதய பலவீனம், புற்றுநோய் இவற்றால் தசை இளைத்துப்போனவர்களைப் பற்றிய 18 ஆய்வுகளை, மொத்தம் 933 பேர், 2016-ல் காக்ரேன் தொகுத்தது. தொடை பலம் கூடியது. ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 35 மீட்டர் அதிகரித்தது. ஆதாரத்தின் தரம் உயர்ந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாலு அடி வைத்தாலே மூச்சிரைக்கும் பெரியவருக்கு 35 மீட்டர் பெரிய விஷயம். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு யார் துணையும் இல்லாமல் போய்வரலாமே!

பக்கவாதக் கைக்கு? நைஸ் 2013-ல் சொன்னது இது: எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம். தசையில் கொஞ்சம் சுருக்கம் தெரிந்தும் கையைத் தூக்க முடியாதவர்களுக்கு முயற்சி செய்து பார்க்கலாம். கரண்ட் ஓடும்போதே டம்ளரைப் பிடிப்பது போன்ற வேலைகளைப் பழக வேண்டும். முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே தொடர வேண்டும்.

காரணம் எளிது. கரண்டால் சுருங்கும் தசை சீக்கிரம் களைத்துவிடும். அதோடு, மூளை பாடம் படிப்பது 'நானே அசைக்கிறேன்' என்ற முயற்சியில்தான். கையை மெஷினிடம் கொடுத்துவிட்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் தசை ஆடும், மூளை தூங்கும்.

நாம் இழப்பது காசு மட்டுமல்ல

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் நின்றுவிடாது, நடை மெதுவாகும். அந்த மூன்று மாதத்தை இருபது நிமிஷ கரண்ட், இருபத்து மூன்று மணி நாற்பது நிமிஷப் படுக்கை என்று கழித்தால் அந்த நாள் திரும்ப வருமா?

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, "சும்மா கையை மடக்கி நீட்டினதுக்கா ரூவா?" என்று கேட்பது யார்? நாம்தான். லைட் எரிந்து, சத்தம் வந்து, சுருக்கென்று பிடித்தால்தான் நமக்கு வைத்தியம்!

"அப்படின்னா வீட்லயே நாங்களே பாத்துக்கிடுதோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதையும் நம் நாட்டிலேயே சோதித்துவிட்டார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே செய்யச் சொன்னதில், ஆறு மாதத்துக்குப் பிறகு பெரிய வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. மகளும் மருமகளும் பாசத்தோடு செய்தாலும் கை தேர்ந்தவர் தொடர்ந்து வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னால் அவரோடு சேர்ந்தார். அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போகிறார்கள். பயிற்சி நோயாளியைத் தேடி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாதைதான். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையைச் சேர்த்தார்கள். அந்த வருகை அடிக்கடி நடக்க வேண்டும், போதுமான ஆட்கள் வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கை. ஊருக்கு ஒரு மெஷின் கேட்பதை விட, ஊருக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன்...

இப்போது கல்யாண மண்டபத்தில் 'இலவச முகாம்' போட்டு, காலை வைக்கச் சொல்லிப் பிறகு மெஷினை விற்கிறார்கள். 'பெல்ட்டைக் கட்டினால் தொந்தி கரையும்' என்று விளம்பரம் வருகிறது. தொந்தி கரையாது. வலிக்கு வைக்கும் 'டென்ஸ்' கரண்ட் வேறு, தசைக்கு வைக்கும் கரண்ட் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதை எத்தனை நாள் வைத்தாலும் தசை பலப்படாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மின்தூண்டல் கருவியையும் தொடக்கூடாது. கர்ப்பிணிகளின் வயிறு, கழுத்தின் முன்பக்கம், புற்றுக்கட்டி, ரத்தம் உறைந்த கால், ஆறாத புண் – இந்த இடங்களில் வைக்கக்கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் ஜாக்கிரதை! சூடு பட்டாலும் தெரியாது. புண் ஆனபிறகுதான் தெரியும்.

அடுத்த முறை கரண்ட் வைக்கப் போகும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். "இது எந்தத் தசைக்கு, எதுக்காக?" "கரண்ட் ஓடும்போது நான் என்ன செய்யணும்?" "எத்தனை நாள்ல, எதை வச்சு முன்னேற்றம்னு பார்ப்பீங்க?" நல்ல பிசியோதெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார். பதில் சொல்லாமல் அடுத்த பத்து சிட்டிங்குக்கு பில் போட்டால், வேறு இடம் பாருங்கள்.