தலை சாய்த்த ஊர்

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏற வேண்டுமென்றால் முதலில் தலை குனிய வேண்டும். குனிய மறந்த என் நெற்றியில் ஒரு புடைப்பு. வௌவால் வாடை வேறு. ஆனால் டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்ததும் வலி மறந்துபோனது. கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகின்றன. இன்னொரு பக்கம் யானைப்படையும் குதிரைப்படையும் மோதுகின்றன. விஜயநகரத்து அச்சுதராயரின் படை 1532-இல் திருவிதாங்கூரோடு மோதிய தாமிரபரணிப் போர்தான் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஐந்து நிலைகளிலும் ஓவியங்கள். தூண்கள், விட்டங்களிலெல்லாம் மரச்சிற்பங்கள். வெளியே நின்று பார்த்தால் இப்படி ஓர் உலகம் உள்ளே இருப்பது தெரியவே தெரியாது.

திருநெல்வேலி மாவட்டத்தில், வீரவநல்லூர் பக்கம், கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடத்தில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். மருதமரம்தான் பெயருக்குக் காரணம். ஸ்ரீசைலம் தலைமருது, தஞ்சைப் பக்கத்துத் திருவிடைமருதூர் இடைமருது, இது கடைமருது.

சுவாமி பெயர் நறும்பூநாதர், அம்மன் கோமதி. லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். அதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கருவூர்ச் சித்தர் அக்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஆற்றில் பெருவெள்ளம். கடக்க வழியில்லாமல் அங்கிருந்தே கூப்பிட்டாராம். வெள்ளத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்காததால் சுவாமி தலையைச் சாய்த்துக் கேட்டாராம். பெரிய கோயில்களின் தலபுராணங்களில் சுவாமி அசுரர்களை வதைப்பார். இங்கே காது கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

ஆற்றங்கரை மரங்களில் தை மாதம் நான் போனபோது நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. ஒரு நாரை தன் உயரத்துக்குக் குச்சி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, கூட்டில் வைத்தது. திருப்தியில்லை. எடுத்து, திருப்பி வைத்தது. கீழே தரை முழுக்க எச்சம், சுண்ணாம்பு கொட்டியது போல. மூக்கைப் பொத்திக்கொண்ட என்னைப் பார்த்துத் திண்ணையிலிருந்த ஆச்சி சிரித்தார்.

"நாறத்தான்யா செய்யும். அதுக்காவ மரத்த வெட்டிர முடியுமா? பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைய மாரில்லா வருதுவ!"

2005-இல் இந்த ஊரைப் பறவைகள் காப்பகமாக அரசு அறிவித்தது. உள்ளூர் மக்களைக் கலந்துபேசி அறிவிக்கப்படும் இவ்வகைக் காப்பகங்களில் இதுதான் நாட்டிலேயே முதலாவது. பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர். சட்டம் வந்து பறவையைக் காப்பாற்றியது என்று இங்கே சொல்ல முடியாது. ஆச்சி மாதிரியானவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியத்துக்கு அரசாங்கம் ஒரு பலகை மாட்டியது.

பழைய போர், அக்கரைச் சித்தர், பேறுகாலத்து நாரை என்று வந்ததற்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறது இந்த ஊர். அதன் பெருமை அதுதான்.

போவதென்றால் தை, மாசியில் போங்கள். அனுமதி கேட்டுக் கோபுரம் ஏறுங்கள். ஓவியத்தில் கை வைக்காதீர்கள். ஆற்றில் குளித்தால் பழைய துணியை அங்கேயே விட்டு வராதீர்கள். நாரைகள் நிற்கும் தண்ணீர் அது. மரத்தடியில் குடை பிடிப்பதும் பிடிக்காததும் உங்கள் இஷ்டம்.