கியர்ல விட்டீங்களா சார்?

ஆதம்பாக்கத்துக்காரர்களிடம், "உங்க ஊர்ல மலை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பெருமையாகப் பரங்கிமலைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். சுமார் 300 அடி உயரம். உச்சியில் சர்ச். ஏறிப்போகப் படியும் உண்டு, கார் போக ரோடும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் மலை இருப்பது பரங்கிமலையில். நாம் இருப்பது ஆதம்பாக்கத்தில். நம்ம ஏரியா சுத்தத் தோசைக்கல்! மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீரே இரண்டு நாள் நின்று யோசிக்கும்.

இந்தத் தோசைக்கல்லுக்குச் சரித்திரச் சான்றிதழே இருக்கிறது. 1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரத் துரை இந்தியாவையே அளக்கக் கிளம்பினார். முதல் கோடு போட அவர் பொறுக்கியெடுத்த இடம், பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை. ஏன்? மேடு பள்ளம் அதிகமில்லாத பூமி! சங்கிலி போட்டு அளந்தார்கள். நீளம் சுமார் ஏழரை மைல். ஆக, நம்ம ஏரியாவுக்கு ஏழரை பிடித்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது!

இப்படிப்பட்ட ஊரில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சரிவு என்றால் என்னவென்றே தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு நம்ம அபார்ட்மென்ட்டுகள். பன்னிரண்டு வீடு, எட்டு கார் நிற்க இடம், பதினாலு கார்! ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்தியாக வேண்டும். உள்ளே நுழையும்போதே வாட்ச்மேன் உத்தரவு போடுவார்: "சார், ஹேண்ட் பிரேக் போடாதீங்க. கியர்லயும் விடாதீங்க. நியூட்ரல்ல இருந்தா காலையில நாங்களே தள்ளிக்குவோம்!"

நாமும் நல்ல பிள்ளையாக நியூட்ரலில் விட்டுவிட்டு மாடியேறிப் போவோம். வருஷக்கணக்கில் இதே பழக்கம். கை தானாகவே நியூட்ரலுக்குப் போய்விடும்.

இந்தக் கையோடுதான் நம்மவர்கள் மேம்பாலம் ஏறினார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கார்கள் கப்பலானதை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து இன்னொரு தடவை பாடம் நடத்தியது. அதனால் 2024 அக்டோபரில் 'கனமழை' என்று எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி வாங்குகிற மாதிரி முதல் காரியமாகக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேலே வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையெல்லாம் போட்டோ போட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போமா? இப்போதெல்லாம் ரமணன் சார் காலத்து ஞாபகத்தில் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால், மேம்பாலத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மேம்பாலம் பார்க்கிங் இடமில்லைதான். ஆம்புலன்ஸுக்கும் பஸ்ஸுக்கும் வழி விட்டுத்தான் எதுவும். ஆனால் ஏழெட்டு லட்சம் தண்ணீரில் மூழ்கப் போகிறதே என்று தவிக்கிறவனிடம் வேதாந்தம் எடுபடாது. எனக்கு வேறு ஒரு கவலை. மேம்பாலத்தில் உச்சி கொஞ்ச தூரம்தான் சமம். மிச்சமெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அங்கே வரிசையாகக் கார்கள். மேலே நிற்கிற ஒரு புண்ணியவான், வாட்ச்மேன் சொன்ன ஞாபகத்தில் நியூட்ரலில் விட்டுவிட்டு வந்தால்? அல்லது கிழடு தட்டிப்போன ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி விட்டுவிட்டு வந்தால்? ஒரு டன் எடை இறங்கி வரும். கீழே இன்னொரு கார் மட்டும் இருந்தால் இன்ஷூரன்ஸோடு போகும். பைக்கில் ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தால்..?

எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி ரோட்டில், 36 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஓட்டியவர். மழைக்காலம் வந்தால் அவர் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "கியர்ல விட்டீங்களா சார்?" என்றுதான் கேட்பார்.

மாடி வீட்டு இளைஞர் ஒருநாள் பிடிகொடுக்காமல், "எதுக்குண்ணே? அதான் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே!" என்றார்.

"தம்பி, ஹேண்ட் பிரேக்குங்கறது ஒரு கேபிள். பின் சக்கரம் ரெண்டையும் புடிச்சி இழுத்துக்கிட்டு நிக்குது. வருஷம் ஆக ஆக அது தளரும். போன வருஷம் அஞ்சு 'டக்'குல புடிச்சது இந்த வருஷம் ஒன்பது 'டக்' கேட்டா, மெக்கானிக்கப் பாக்கணும்னு அர்த்தம். ஒத்தக் கயித்துல கிணத்துக்குள்ள எறங்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வண்டிய மட்டும் ஏன் ஒத்தக் கயித்துல விடறீங்க?"

அண்ணனின் கணக்குப்படி சரிவில் நிறுத்தின காருக்கு மூன்று காவல் வேண்டும்.

முதல் காவல், ஹேண்ட் பிரேக். கால் பிரேக்கை அழுத்தியபடியே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாகத் தூக்குங்கள். பிறகு கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். வண்டி அசையாமல் நின்றால் ஹேண்ட் பிரேக் நல்ல ஹேண்ட் பிரேக். மெல்ல நழுவினால், அது மெக்கானிக்குக்கு எழுதும் கடிதம்!

இரண்டாவது காவல், கியர். மறுபடி கால் பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதித்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரில் போடுங்கள். எந்தக் கியர்? கார் எந்தப் பக்கம் உருளப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கியர். மூக்கு மேலே பார்த்து நின்றால் முதல் கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ். கியரில் இருக்கும்போது சக்கரம் உருள வேண்டுமென்றால் எஞ்சினையும் சேர்த்துச் சுற்றியாக வேண்டும். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றணும். உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, "ஏன்யா தூங்கறவனை எழுப்பறே?" என்று முரண்டு பிடிக்கும். டாப் கியரில் இந்த முரண்டு ரொம்பக் குறைவு. அதனால் கியர் என்றால் ஏதோ ஒரு கியர் இல்லை. அதேபோல் கியரை மட்டும் நம்புவதும் தப்பு. அமுங்கின காற்று மெல்லக் கசியும். செங்குத்தான சரிவில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பிக்கும்.

மூன்றாவது காவல், ஸ்டீயரிங். காசே செலவில்லாத காவல், அதனாலேயே யாரும் மதிக்காத காவல்! முதலிரண்டும் கைவிட்டாலும் கார் நடுரோட்டுக்குப் போகாமல் ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும். நாம் இடது ஓரம் நிறுத்துகிறவர்கள். இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன் சக்கரத்தை இடது பக்கம், ஓரத்துக்குத் திருப்பி விடுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்று, பக்கத்தில் நடைமேடைக் கல் இருந்தால் வலது பக்கம் திருப்புங்கள். பின்னால் உருண்டாலும் முன் டயர் அந்தக் கல்லில் போய் அணைந்துகொள்ளும். நடைமேடைக் கல் இல்லை, மேம்பாலத்துச் சுவர்தான் என்றால் ஏற்றமானாலும் இறக்கமானாலும் இடது பக்கமே. பெயின்ட் போகும். போகட்டும், ஆள் போகக்கூடாது.

"ஆட்டோமேடிக் வெச்சிருக்கறவங்களுக்கு?" என்று இளைஞர் கேட்டார். 'பி' இருக்கிற வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டி அதன் மேல் நின்ற பிறகு 'பி'. ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில் 'பி'யே கிடையாது. அவர்கள் கியரில் வைத்தே எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும்.

இது அண்ணன் சொந்தமாகப் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவே, டிரைவர் இறங்கிப் போனால் எஞ்சினை அணைத்து, வண்டி தானாக நகர முடியாதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோதான் போகணும் என்கிறது. "அது பாட்டுக்கு உருண்டுது சார், நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன்" என்பது கோர்ட்டில் செல்லாது.

இன்னும் மூன்று விஷயம். மழையில் நாலு நாள் ஹேண்ட் பிரேக் போட்டே கிடந்தால், டிரம்மோடு பிரேக் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பயந்து சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் விடாதீர்கள். எடுக்கும்போது வண்டி அடம் பிடித்தால் உறுமி இழுக்காமல், முன்னே பின்னே மெல்ல அசைத்துப் பாருங்கள். இரண்டாவது, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கால் பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கியரில் விட்டது மறந்து சாவியைத் திருப்பினால் வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவும். மூன்றாவது, குழந்தைகளைச் சரிவில் நிற்கிற காரில் தனியாக உட்கார வைக்காதீர்கள். அந்த ஹேண்ட் பிரேக் பட்டனைப் போல அழகான பொம்மை அவர்களுக்கு வேறு கிடையாது.

சந்தேகமாக இருந்தால், உருளும் பக்கம் டயருக்கு ஒரு கல்லும் கொடுக்கலாம். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் மழை விட்டுக் காரை எடுக்கும்போது கல்லையும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் காரைக் காப்பாற்றின கல், ராத்திரி இருட்டில் வருகிற ஸ்கூட்டர்காரரைக் கவிழ்க்க வேண்டாம்.

வீடு திரும்பினதும் வாட்ச்மேன் ஓடி வருவார். "சார், நியூட்ரல்ல விட்டுடுங்க!"

விடுங்கள், தப்பில்லை. லாம்டன் துரையே சமம் என்று சொன்ன பூமி! ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். கார் நிற்பது தரையிலா, கேட்டுக்கு வெளியே இறங்குகிற ராம்ப்பிலா?