அரிப்புக்கு ஒரு க்ரீம் போதாது

தொடையிடுக்கில் அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் போதும், பல கடைகளில் மருந்துச் சீட்டு கேட்காமலே ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். அரிப்புக்குக் காரணமான படர்தாமரைப் பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு முடக்கிவிடுவதால் தாராளமாகப் பரவும். பூசுவதை நிறுத்தியதும் வட்டத்துக்குள் வட்டமாக, முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

நல்ல திடகாத்திரமானவர்களுக்கே இந்தப் பாடு. சுகர் கட்டுக்குள் இல்லாதவர், கீமோ எடுப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர் நிலையை யோசித்துப் பாருங்கள். படர்தாமரை இவர்களுக்கு உடம்பெங்கும் படரும். சிலருக்கு மயிர்க்கால் வழியே ஆழத்தில் இறங்கிக் கட்டிகளாகும். கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணின் சிறு வெடிப்பு போதும், கிருமி நுழைந்து சர்க்கரை நோயாளியின் காலே வீங்கிச் சிவந்துவிடும்.

சிகிச்சையும் எளிதல்ல. டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத 'டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்ற பூஞ்சை இந்தியாவில் பரவிக் கிடக்கிறது. மாற்றாகக் கொடுக்கும் இட்ரகொனசோல், சிறுநீரகம் மாற்றியவர்கள் உடல் அதை நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பொருத்திய சிறுநீரகத்துக்கே அது ஆபத்து. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைக் கவுன்ட்டரில் யார் கேட்கப்போகிறார்கள்?

மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு 2018-லேயே சேர்த்துவிட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடை கடையாகப் போய் அதை அமல்படுத்த வேண்டும்.

தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால், கொஞ்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழைகள் கிளை கிளையாகத் தெரியும். பெரிய செலவில்லாத இந்தப் பரிசோதனையைத் தாலுகா மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் தொடர வேண்டிய மாத்திரையைப் பாதியில் விடாதபடி முழுமையாகக் கொடுக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர்கள் சுகர் மாத்திரை தரும்போதே கால்விரல் இடுக்கையும் பார்க்கட்டும். டாக்ரோலிமஸ் அளவை அறியும் ரத்தப் பரிசோதனையும் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்க வேண்டும்.